மே மாதத்தில் பனி பார்க்கப் போனது

மாமா என்னை ஏமாற்றினார். எனக்கு நாற்பத்தெட்டு வயதாகிறது, சர்க்கரை வந்துவிட்டது, முன்மண்டை முடி கொட்டிவிட்டது. இந்தக் கோபம் மட்டும் கொட்டாமல் இருக்கிறது. அவர் வேலை பார்த்த மலையின் பனி நிலவரம் இப்போது செல்போனிலேயே வருகிறது. வருஷம் தவறாமல் மே மாதம் எடுத்துப் பார்க்கிறேன். பூஜ்யம். அது அவருக்கு அப்போதே தெரியும் என்பதுதான் என் வழக்கு.

அம்மாவின் தம்பி அவர். எங்கள் ஊர் அருமனையிலிருந்து வேலை தேடிப் போனவர்கள் எல்லாம் கடல் தாண்டிப் போக, இவர் ஒருவர் வடக்கே போய் இமயமலையில் ஒரு பனிச்சறுக்கு விடுதியில் சேர்ந்தார். என்ன வேலை என்று எழுதியதில்லை. 'இங்கே எல்லாம் என் பொறுப்பு' என்று மட்டும் எழுதுவார். மாதம் ஒரு கடிதம் வரும், அதில் பாதி பனி. அம்மா அடுப்படியில் நிற்க, உரக்க வாசிப்பது நான். அதனால் எனக்கு அந்த மலை மனப்பாடம். நவம்பரில் முதல் பனி விழும், மத்தியானத்துக்குள் கரைந்துவிடும். டிசம்பரில் முழங்கால் அளவு. இங்கே ரப்பர் மரம் இலை உதிர்த்துப் பால்வெட்டு நிற்கிற பிப்ரவரியில் அங்கே இடுப்பளவு. இடித்துச் சலித்த மாவு போல உலர்ந்து கிடக்கும், சறுக்க அதுதான் உத்தமம். மார்ச்சில் காலையில் கண்ணாடி, சாயங்காலம் கூழ். ஏப்ரல் கடைசியில் விடுதியைப் பூட்டிவிடுவார்கள். அப்புறம் புல், ஜூலையில் மழை, அக்டோபரில் வறண்ட குளிர்.

இதையெல்லாம் எட்டாம் வகுப்பில் சொன்னேன். என் சொந்த மலை மாதிரி சொன்னேன். களியக்காவிளைச் சந்தையில் வாழைக்குலைக் கடை வைத்திருந்தவரின் மகன் கடைசி பெஞ்சிலிருந்து எழுந்தான்.

"உனக்க மாமன் சொல்லது முழுக்கக் கள்ளமாக்கும். நீ அந்தப் பனியில சவிட்டி நின்னு ஒரு போட்டோ கொண்டுவாலே, பாப்போம்."

கொண்டுவந்தால் அவன் என்னை அண்ணன் என்று கூப்பிட வேண்டும், கொண்டுவராவிட்டால் பத்தாம் வகுப்பு முடியும்வரை நான் அவனை அப்படிக் கூப்பிட வேண்டும் என்று ஒத்துக்கொண்டேன். அவன் என்னைவிட நான்கு மாதம் இளையவன். யோசித்துப் பாருங்கள்.

அப்பாவுக்கு ரப்பர் பால் வெட்டுகிற வேலை; பால்வெட்டு இல்லாத பிப்ரவரியிலேயே போய்விடலாம் என்றார். மாமாவுக்கு எழுதினோம். பதில் உடனே வந்தது: இப்போது வேண்டாம், குளிர் தாங்க மாட்டீர்கள், மே மாதம் வாருங்கள், வசதியாக இருக்கும். வசதியாம். மே மாதத்தில் அங்கே புல் என்று தன் கைப்படவே எழுதியிருக்கிறார் மனிதர். பழைய கடிதங்களை எடுத்துவைத்து வக்கீல் போல வாதாடினேன். தம்பி கூப்பிடுகிற நேரத்தில்தான் போக வேண்டும் என்று அம்மா முடித்துவிட்டாள்.

மூன்று நாள் ரயில், பிறகு ஒரு நாள் பஸ். போய் இறங்கினால் புல். பச்சைப்பசேலென்று, யாரும் கேட்காத புல். அதில் மட்டக்குதிரைகள் மேய்ந்துகொண்டிருந்தன. சறுக்குகிறவர்களை மேலே தூக்கிப்போகும் கம்பிவட நாற்காலிகள் காற்றில் சும்மா ஆடின. மாமா இஸ்திரி போட்ட கோட்டில் வந்தார். ஆளில்லாத விடுதியில் கம்பளம் விரித்த அறை ஒன்றை எங்களுக்குத் திறந்துவிட்டார். அப்பா மெத்தையில் உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்து பார்த்தார்.

"மாமா, நீங்க என்னைச் சதிச்சிட்டீங்க" என்று சொல்லிவிட்டு இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் காலை எங்கள் எல்லாரையும் விடுதிக்குப் பின்னால், வெயில் விழாத ஒரு பள்ளத்துக்கு அழைத்துப்போனார். அங்கே கறுப்பாக ஒரு மேடு. எருக்குழி என்றுதான் நினைத்தேன். அதுதான் பனியாம். ஆறு மாதப் புகையும் சருகும் படிந்த கடைசிப் பனி. இதற்காகவா வந்தேன் என்று ஓங்கி ஒரு மிதி மிதித்தேன். கால் தொடைவரை உள்ளே போய்விட்டது.

பிறகு நடந்ததை அப்பா சாகும்வரை சொல்லிச் சிரித்தார். பூமி என்னை விழுங்குகிறது என்று அறிவித்தேனாம். ஊர்ச் சாமிகளுக்கெல்லாம் தேங்காய் நேர்ந்தும் போதாமல், பக்கத்துத் தெரு அந்தோணியாரையும் கூப்பிட்டேனாம். என் இன்னொரு கால் அப்போது பத்திரமாகத் தரையில் இருந்தது.

மாமா கோட்டைக் கழற்றிவிட்டு, சுவரில் சாய்த்திருந்த அகலமான மண்வாரியை எடுத்தார். சரக், சரக் என்று என் காலைச் சுற்றி வெட்டினார். வாரியதைத் தோளுக்கு மேலாகப் பின்னால் எறிந்தார். திரும்பிப் பார்க்காமல் எறிந்தது எல்லாம் ஒரே இடத்தில் போய்க் குவிந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு பாய் அளவுக்குக் கண்கூசும் வெள்ளை வெளியே வந்தது. அவருக்கு மூச்சுகூட வாங்கவில்லை.

"ஏலே, இதுவா உனக்க வேலை?" என்று அம்மா கேட்டாள்.

"சும்மா ஒரு வெளையாட்டுக்காக்கும், அக்கா."

நான் அந்த வெள்ளையின்மேல் நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். பக்கத்தில் வந்து நிற்கும்படி அம்மாவை மூன்று தடவை கூப்பிட்டும் அவள் வரவில்லை. மாமாவின் காய்த்துப்போன உள்ளங்கையை விரித்துவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு தூரம் வந்து பனியைப் பார்க்காமல் கையைப் பார்க்கிறாளே என்று எனக்கு எரிச்சல். இரவல் வாங்கி வந்த கேமராவில் அப்பா என்னை மட்டும் எடுத்தார். களியக்காவிளைக் கடைக்காரர் மகன் என்னை அண்ணன் என்று கூப்பிட அந்த ஒரு போட்டோ போதுமாக இருந்தது.

திரும்பும் ரயிலில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்.

"மக்கா, பிப்ரவரியில எவ்வளவு பனின்னு எழுதியிருந்தான்?"

இடுப்பளவு என்றேன். ஜனவரியில் என்று கேட்டாள். அதையும் சொன்னேன். ராத்திரியிலும் விழுமா என்று கேட்டாள். ஒருவழியாக அம்மாவுக்கும் பனிமேல் ஆசை வந்துவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம். ராத்திரிதான் நிறைய விழும் என்றேன். அவளும் சந்தோஷப்படட்டும் என்று, எல்லா மாதத்துக்கும் ஒரு முழம் கூட்டியே சொன்னேன்.