கடிகாரத்துக்கு முன்னால் வந்த லென்ஸ்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய், பிசாசு, குறி, சகுனம் எதிலும் நம்பிக்கை கிடையாது. இருந்ததும் இல்லை. கடிகாரம் ரிப்பேர் பார்க்கிறவனுக்கு அதெல்லாம் வராது. ஓடாத கடிகாரத்தைக் கொண்டுவந்து, தன்னால நின்னுபோச்சுங்க என்பார்கள், மூடியைக் கழற்றினால் உள்ளே ஒரு பஞ்சு இழை சிக்கியிருக்கும். தன்னால் எதுவும் நிற்காது, தன்னால் எதுவும் ஓடாது, அதுதான் என் கட்சி. அந்தக் கட்சியில் இருந்துகொண்டேதான் இதையும் சொல்கிறேன். நடுவில் நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபமில்லை, நானே பல தடவை சிரித்திருக்கிறேன்.

சிங்காநல்லூரில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே, ஒரு சைக்கிள் கடையின் பக்கவாட்டில் ஒரு மேஜையும் ஒரு கண்ணாடிப் பெட்டியும் போட்டு உட்கார்ந்திருந்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறோ ஐம்பத்தேழோ இருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை, நல்ல உச்சி வெயில், மில் சங்கு ஊதி ஷிப்ட்காரர்கள் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார்கள். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள் வந்து, மடித்த காகிதம் ஒன்றை மேஜைமேல் வைத்தாள்.

"ஏனுங்க, இதைச் சித்தெ வெச்சிருங்க. எங்கூட்டுக்காரரு வருவாரு, அவருகிட்டச் சேத்துப்போடுங்க."

பிரித்துப் பார்த்தேன். அரிசியை விடக் கொஞ்சம் பெரிதாக, ஒரு பக்கம் தட்டையும் ஒரு பக்கம் தொப்பையுமாக ஒரு கண்ணாடிச் சில்லு. அது என்னவென்று தெரிய எனக்கே ஒரு நிமிஷம் பிடித்தது. தேதி காட்டும் சுவிஸ் கடிகாரங்கள் அப்போதுதான் வர ஆரம்பித்திருந்தன. தேதி எழுத்து கடுகளவு இருக்கும், அது பெரிதாகத் தெரிவதற்காகக் கண்ணாடியின் மேலே இப்படி ஒரு லென்ஸை ஒட்டியிருப்பார்கள். கோயமுத்தூர் முழுக்கத் தேடினாலும் அப்படிக் கட்டியிருப்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

"கடிகாரம் எங்கீங்க?" என்றேன்.

"அது அவரு கொண்டாருவாருங்க."

"அவரு பேரு என்னங்க, எழுதி வெச்சுக்கறேன்."

அவள் சிரித்துவிட்டாள். "பேரைச் சொல்லச் சொல்றீங்களே. மலைமேல ஆண்டியா நிக்கறாரே, அவரு பேருதானுங்க."

புருஷன் பேரைச் சொல்லாத பெண்கள் அப்போது இப்படித்தான் சொல்வார்கள், நமக்கும் பழக்கம்தான். காகிதத்தின் மேல் 'பழனிசாமி' என்று எழுதி இழுப்பறையில் போட்டேன். எழுதும்போது நிமிர்ந்து பார்த்ததில் ஒன்று கண்ணில் பட்டது, அவளுடைய இடது புருவத்தில் நடுவே ஒரு கோடு, அந்த இடத்தில் முடியே இல்லை. சின்னச் சின்னதைப் பார்த்தே பிழைக்கிறவன் என்பதால் அது மனசில் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். அவள் பஸ் ஏறினாளா, நடந்து போனாளா, கவனிக்கவில்லை.

பத்து நாள் கழித்து, திங்கட்கிழமை காலையில், இருபத்தைந்து வயதுப் பையன் ஒருவன் வந்தான். பக்கத்து மில்லில் பிட்டர். முகம் செத்துக் கிடந்தது. கைக்குட்டையை அவிழ்த்து ஒரு சுவிஸ் கடிகாரத்தை எடுத்து வைத்தான். தேதிக்கு மேலே லென்ஸ் இல்லை, காய்ந்த பசையின் தடம் மட்டும் சதுரமாக இருந்தது.

"இது என்ர கடிகாரம் இல்லீங்க. எங்க ஸ்பின்னிங் மாஸ்டரோடது. பொண்ணு பாக்கப் போறேன்னு சொன்னதும் கழட்டிக் குடுத்தாருங்க. இதுக்கு லென்ஸ் கெடைக்குங்களா?"

"பேரு?"

"பழனிசாமிங்க."

எனக்கு ஒரே குஷி. இழுப்பறையைத் திறந்து காகிதத்தை அவன் முன்னால் போட்டேன். "உங்க சம்சாரம் அன்னிக்கே குடுத்துட்டுப் போயிட்டாங்களே," என்றேன்.

அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "பொண்ணு பாக்கப் போனேன்னு சொல்றேனுங்க. எனக்கு இன்னும் கண்ணாலமே ஆகலீங்க."

பேர் ஒற்றுமை, வேறு யாரோ பழனிசாமி என்று நானும் நினைத்தேன். இருந்தாலும் லென்ஸை இடுக்கியில் எடுத்துத் தடத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். லென்ஸின் ஒரு மூலை லேசாக உடைந்திருந்தது. கடிகாரத்தில் அதே மூலையில், உடைந்த பொடிச் சில்லு பசையோடு அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டும் பூட்டும் சாவியுமாகப் பொருந்தின. நம்பினால் நம்புங்கள், எடுத்துவிட்டு இன்னொரு தடவை வைத்துப் பார்த்தேன்.

"இது எப்ப விழுந்துச்சு?" என்றேன்.

"நேத்துங்க. கொடுமுடியில."

அப்புறம் அவன் எல்லாவற்றையும் கொட்டினான். சனிக்கிழமை மாஸ்டர் கொடுத்திருக்கிறார். ஞாயிறு காலை ரயிலில் போகும்போது அந்த லென்ஸ் வழியாகத் தேதியைப் பத்துத் தடவையாவது பார்த்தானாம், புதுப் பவிசு. கொடுமுடியில் பெண் வீட்டு வாசலில் கால் கழுவிவிட்டு நிமிர்கிறான், லென்ஸைக் காணோம். உடனே அங்கே ஒரே அமளி. பெண் வீட்டார் எல்லாரும் வாசலில் குனிந்து தேடியிருக்கிறார்கள், ஒருவர் சல்லடை கொண்டுவந்து மண்ணைச் சலித்திருக்கிறார். கடைசியில் பெண்ணே வெளியே வந்துவிட்டாள்.

"பொண்ணுன்னா உள்ளதானுங்க இருக்கோணும். அது வந்து எனக்குப் பக்கத்துல குனிஞ்சு தேடுச்சுங்க. கெடைச்சுப்போடுமுங்க, நீங்க வெசனப்படாதீங்கன்னு என்ரகிட்டச் சொல்லுச்சு," என்றவன் கைக்குட்டையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தான்.

கிடைக்கவில்லை. அவனுக்கு அப்பா இல்லை, பெரியப்பா வைத்ததுதான் சட்டம். வாசப்படி மிதிக்கையிலேயே பொருள் தொலைஞ்ச ஊட்டுல பொண்ணு எடுக்க வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டார். கடுதாசி போடறோம் என்று எழுந்து வந்துவிட்டார்கள். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

நான் வேலையை ஆரம்பித்தேன். கை வேலை செய்தால்தான் எனக்குப் புத்தி வேலை செய்யும். மூலையில் இருந்த அந்தப் பொடிச் சில்லை மட்டும் விட்டுவிட்டு, பழைய பசையைச் சுரண்டித் துடைத்து, புதிதாக ஊசிமுனையில் ஒரு சொட்டு வைத்து, லென்ஸைத் தேதிக்கு நேராக இறக்கினேன். மயிரிழை நகர்ந்தாலும் தேதி கோணலாகத் தெரியும், உள்ளே காற்றுக்குமிழி நின்றாலும் போச்சு. எங்கள் பக்கம் மில்லின் பஞ்சு வேறு பறக்கும், ஒரு இழை பசையில் விழுந்தால் மறுபடி முதலிலிருந்து. மூச்சை அடக்கித் தீக்குச்சியால் அழுத்தி, மேலே ஒரு கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்தேன். நாளைக்கு வா, உன் பெரியப்பாவையும் கூட்டிக்கொண்டு வா என்றேன்.

மறுநாள் பெரியப்பா வந்தார். கடிகாரத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார். "புதுசா ஒட்டுனதுங்களா?"

"இல்லீங்க. இதுல இருந்து விழுந்ததேதான்." உடைந்த மூலையும் சில்லும் பொருந்தியிருப்பதைப் பெரிதுபண்ணும் கண்ணாடியில் காட்டினேன்.

"இது உங்ககிட்ட எப்ப வந்துச்சு?"

"பதினோரு நாள் ஆச்சுங்க. ஒரு அம்மா கொண்டாந்து குடுத்தாங்க."

காகிதத்தைக் காட்டினேன். சைக்கிள் கடைக்காரரும், ஆமாங்க, அந்தம்மா வந்தது நானும் பார்த்தேன் என்றார். பெரியவர் விரலை மடக்கி நாள் எண்ணினார். முகம் தெளிந்தது.

"அப்ப கொடுமுடியில உழுகவே இல்லை. இங்கியே எங்கியோ உழுந்திருக்குது. இந்தக் கிறுக்கன் அங்க போயித்தான் பாத்திருக்கறான். அவங்களையும் மண்ணைச் சலிக்க வெச்சு, சே."

பழனிசாமி வாயைத் திறக்கப் போனான். மேஜைக்கு அடியில் அவன் காலை மிதித்தேன். நான் சொன்னதில் ஒரு எழுத்துப் பொய் இல்லை, அது எனக்கும் கடவுளுக்கும் தெரியும். அந்த வாரமே அவர்கள் சம்மதம் சொல்லிக் கொடுமுடிக்குக் கடுதாசி போட்டார்கள். நிஜமாகவே கடுதாசி.

பிறகு ஒரு நாள் அந்த மாஸ்டர் வேறு வேலையாகக் கடைக்கு வந்தார். பேச்சோடு பேச்சாக, இந்த லென்ஸ் எப்போதாவது விழுந்ததுண்டா என்று கேட்டேன். வாங்கிய நாளிலிருந்து ஒரு தடவைகூட இல்லை, சனிக்கிழமை அந்தப் பையனிடம் கொடுக்கும்போதுகூடத் தேதி பார்த்துத்தான் கொடுத்தேன் என்றார்.

கல்யாணத்துக்குக் கட்டாயம் வரவேண்டும் என்று பழனிசாமி என் கையைப் பிடித்துக்கொண்டான். கொடுமுடிக்குப் போனேன், காவேரியில் குளித்தேன், நல்ல சாப்பாடு. சீரெல்லாம் முடிந்து மாப்பிள்ளை பெண்ணை என்னிடம் அழைத்துவந்து, இவருதான் லென்ஸ் ஒட்டுன அண்ணன் என்றான். பெண் நிமிர்ந்தாள். பத்தொன்பது வயது. இடது புருவத்தில் அந்தக் கோடு.

மூக்கு அது, முகவாய் அது, அந்தச் சிரிப்பும் அதேதான். வந்தவள் இவள்தான், ஆனால் வந்தவளுக்கு இவளைவிட இருபது வயது கூட. அம்மாவாக இருக்கும், அத்தையாக இருக்கும் என்று அந்தப் பந்தலில் இருந்த ஒவ்வொரு பெண்ணையும் பார்த்தேன், ஒருத்திகூடச் சாயலில் பக்கத்தில் வரவில்லை. புருவத்தில் என்ன என்று கேட்டதற்கு, சின்ன வயதில் கன்னுக்குட்டி முட்டிடுச்சுங்க என்றாள். அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. எப்படித் தெரியும்?

யாரிடமும் சொல்லவில்லை. அவர்கள் சிங்காநல்லூரிலேயே குடியிருந்தார்கள், இரண்டு பெண் குழந்தைகள். அவள் பெயர் சரஸ்வதி, நான் சரசு என்பேன். சந்தைக்குப் போகிற வழியில் கடையில் நின்று இரண்டு வார்த்தை பேசாமல் போகமாட்டாள். அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துவிடும், என் கையால் ஒட்டியது நன்றாக ஒட்டியிருக்கிறது என்று ஒரு கர்வம்கூட உண்டு. பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து ஒரு நாள் சும்மா பேசிக்கொண்டிருந்தபோது, என்ன தோன்றியதோ, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சிரிப்பாள், இல்லை பயப்படுவாள் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. "அப்ப நான் இன்னும் வரோணுங்களா?" என்றாள்.

"எதுக்கு?" என்றேன்.

"நான் லென்ஸைக் கொண்டாந்து குடுக்காம உட்டுட்டா எங்க கண்ணாலம் நடந்திருக்காதுங்களே, அண்ணா. என்ன சீலை கட்டியிருந்தேன்?"

"அரக்குல மஞ்சக் கரை," என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அப்படி ஒன்னு எங்கிட்ட இல்லீங்களே. எடுக்கோணும். வேறென்ன பாத்தீங்க?"

"முன்னால வகிட்டோரமா ஒரு கொத்து நரை இருந்துச்சு, அம்மணி."

அவள் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள், அப்போது அது கருகருவென்று இருந்தது. "இன்னும் நாளிருக்குதுங்க," என்று சொல்லிவிட்டுக் காய்கறிப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். லென்ஸுக்கு எங்கே போவாய் என்று கேட்க நினைத்தும் கேட்கவில்லை. அதைக் கேட்டால் நானும் நம்புகிறேன் என்று ஆகிவிடும் இல்லையா.

அதோடு முடிந்திருந்தால் உங்களிடம் இதைச் சொல்லியிருக்கவே மாட்டேன். அதற்கப்புறம் ஏழெட்டு வருஷம் ஓடி, போன மாதம் ஒரு மத்தியானம் சரசு வந்தாள். வந்தவள் உட்காரக்கூட இல்லை, மேஜைமேல் கைவைத்துத் தலையைக் குனிந்து வகிட்டை எனக்குக் காட்டினாள். நாலைந்து முடி வெளுத்திருந்தது. நரையைக் கண்டு அவ்வளவு சந்தோஷப்பட்ட பெண்ணை நான் பார்த்ததில்லை.

"அந்த எடந்தானுங்களா, நல்லாப் பாத்துச் சொல்லுங்க," என்றாள்.

நான் பெரிதுபண்ணும் கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு பார்த்தேன். அந்த இடம்தான்.