சனிக்கிழமை யாருடைய முறை

கனகாம்பிகையால் ஓரிடத்தில் இருக்க முடியாது. நீர்வேலியில் வாழைக்குலைகளை வாங்கிக் கொழும்புக்கு அனுப்பும் நிலையத்தில் அவர்தான் பெண்களுக்கு மேற்பார்வையாளர். உட்காரக் கதிரை ஒன்று கொடுத்திருந்தார்கள். அதில் அவரது கைப்பைதான் இருக்கும். சீப்பு வெட்டும் மேசைக்கும் கழுவும் தொட்டிக்கும் நடுவில் நாள் முழுக்க நடந்துகொண்டேயிருப்பார்.

லவீனா வந்து அந்த விஷயத்தைச் சொன்ன நாளுக்குப் பிறகு, வீட்டிலும் அப்படி நடக்கத் தொடங்கினார்.

லவீனா குருநகர்ப் பெண். கல்யாணம் முடித்துக் கோப்பாயில் இருந்தாள். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள், அண்மையில்தான் சனிக்கிழமையை ஓய்வுநாளாக அனுசரிக்கும் ஒரு சபையில் சேர்ந்திருந்தாள்.

"அக்கா, இனிச் சனிக்கிழமையில நான் வேலைக்கு வரேலாது. ஆண்டவருக்குக் குடுத்த நாள்."

சனிக்கிழமைதான் அங்கே முறிந்து வேலை செய்யும் நாள். மாலையில் கொழும்பு லொறி வெளிக்கிட்டாக வேண்டும். ஆனாலும் கனகாம்பிகைக்கு வாயால் மறுக்க வரவில்லை. அவரும் வெள்ளிதோறும் மத்தியானப் பூசைக்குக் கோயிலுக்குப் போகிறவர். "சரி பிள்ளை, பாப்பம்" என்றார்.

பார்த்தது பிரசாந்திதான். தொட்டியில் அவளும் லவீனாவும்தான் சோடி. இப்போது இரண்டு பேரின் பழத்தையும் அவள் ஒருத்தியே கழுவினாள். வாழைக்காயில் வடியும் கயர் பட்டு விரலிடுக்கெல்லாம் கறுத்துப் புண்ணானது. சில வாரம் பொறுத்தாள். ஒரு சனிக்கிழமை, கையிலிருந்த பஞ்சைத் தொட்டிக்குள் எறிந்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அவவின்ரை கடவுளுக்கு நான் ஏனக்கா பழம் கழுவோணும்?"

"கொஞ்சம் பொறு பிரசாந்தி. அவளின்ரை நம்பிக்கை அது."

"நம்பட்டும். ஆர் வேண்டாமெண்டது? முதுகு நோகிறது எனக்கெல்லே. நீங்களும் வெள்ளிக்கிழமையில பட்டுச்சீலையைக் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டிடுவியள். ஒரு நாளாவது எங்களைக் கேட்டனீங்களே?"

வெட்டும் மேசையில் கத்திகள் நின்றன. கனகாம்பிகை குலை அடுக்கியிருந்த பக்கம் போனார். அங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை. திரும்பி வந்தார்.

விஷயம் முதலாளி சுபாஸின் காதுக்குப் போனது. அவன் கனகாம்பிகையை விட வயதில் இளையவன். "அக்கா, உவளுக்குச் சொல்லுங்கோ. சனி வந்தால் வேலை இருக்கு. வராட்டி இல்லை. ஒருத்திக்கு விட்டால் எல்லாரும் வந்து நிப்பினம்."

கனகாம்பிகை அதை அப்படியே லவீனாவிடம் சொன்னார்.

அடுத்த சனிக்கிழமை லவீனா வந்தாள். எவரோடும் கதைக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் வெளியே போய் வேலியைப் பார்த்தபடி நின்றாள். கழுவும்போது உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. பிரசாந்தி இரண்டு தரம் அவளைத் திரும்பிப் பார்த்தாள், பிறகு எழும்பிப் போய் ரேடியோவை நிற்பாட்டினாள். வெற்றி பெற்ற முகம் இல்லை அவளுக்கு. லொறி போனதும் லவீனா கையைத் துடைக்காமலே சைக்கிளை எடுத்தாள்.

அந்த இரவு கனகாம்பிகை சரியாகத் தூங்கவில்லை. விடிந்தால் ஞாயிறு, அவருடைய முறை. ஞாயிறுகளில் வேலை குறைவு. தோட்டக்காரர் கொண்டுவரும் குலைகளைத் தராசில் போட்டு இறக்குவதற்கு ஒரு ஆள் போதும். பல வருடமாக அந்த இலகுவான நாளைத் தனக்கென்று வைத்துக்கொண்டு, பதிலுக்குச் சனிக்கிழமை லீவு எடுத்துவந்தார். லவீனா சனியில் வராமல் விட்ட பிறகுதான் சனியிலும் வந்து எட்டிப் பார்த்தார். இந்த ஞாயிறு அந்தத் தராசடியிலும் நிற்க முடியவில்லை. குலை வந்து முடிந்ததும் கதவைப் பூட்டிவிட்டுக் கோப்பாய்க்குப் பஸ் ஏறினார்.

லவீனா வீட்டு வாசலில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"வேலை வேணும், அதாலை நேற்று வந்தனான் அக்கா. ஆனால் இனி வரமாட்டன். என்னாலை ஏலாது. நிப்பாட்டுறதெண்டால் நிப்பாட்டுங்கோ."

"நீ வராட்டி உன்ரை பங்கையும் பிரசாந்திதான் கழுவுறாள். அவளின்ரை கையைப் பாத்தனியே? அதுக்கு உன்ரை வேதம் என்ன சொல்லுது?"

லவீனா கொடியைப் பிடித்தபடி நின்றாள். முகம் சிவந்தது. பிறகு மெல்லச் சொன்னாள்: "அவவை அப்பிடிக் கஷ்டப்படுத்தச் சொல்லேல்லை. ஞாயிறு தாங்கோ அக்கா. எல்லா ஞாயிறும் நான் வாறன்."

கனகாம்பிகை கணக்குப் போட்டுப் பார்த்தார். லவீனாவுக்கு ஞாயிறைக் கொடுத்தால், சனிக்கிழமை தொட்டியில் அவள் இடத்தில் நிற்க வேண்டியவர் அவர்தான். மற்ற எவரை நிறுத்தினாலும் இன்னொரு பிரசாந்தி. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று திரும்பிவிட்டார். பஸ்ஸில் இருந்து இறங்கி வீட்டுக்கு நடக்கும் வரையில் லவீனாவோடு மனதுக்குள் வாதாடினார். தனக்கு வயது போய்விட்டது என்றார், முழங்கால் ஏலாது என்றார். எதையும் அவராலேயே நம்ப முடியவில்லை.

லவீனாவுக்கு ஞாயிறு, சனிக்கிழமை தொட்டியில் தான் என்று அவர் போய்ச் சொன்னபோது சுபாஸ் தலையைச் சொறிந்தான். "பழம் கழுவுப்பட்டால் காணும். ஆர் கழுவினால் எனக்கென்ன."

சனிக்கிழமை கனகாம்பிகை சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு தொட்டியடியில் நின்றார். பிரசாந்தி அதிசயமாகப் பார்த்தாள், பஞ்சை நீட்டினாள். மத்தியானத்துக்குள் அவரது விரல்கள் எரியத் தொடங்கின. கோபமும் வந்தது. லவீனா மேல், அவளது சபை மேல், தன் மேல். வாய்விட்டு ஏசியும் விட்டார். பிரசாந்தி சிரித்தாள்.

அடுத்த வெள்ளி வந்தது. சீலை மாற்றப் போனவர் பாதியில் திரும்பி வந்தார்.

"பிரசாந்தி, நான் பூசைக்குப் போட்டு வரட்டே? வந்து மிச்சத்தைப் பாக்கிறன்."

"போங்கோ அக்கா. இப்பவாவது கேட்டியள்."

லவீனாவும் பிரசாந்தியும் இன்றைக்கும் நல்ல சினேகிதிகள் இல்லை. கிழமை நாட்களில் ஒரே தொட்டியில் கழுவுகிறார்கள். தேவைக்குக் கதைக்கிறார்கள்.

போன மாதம் பிரசாந்தி கனகாம்பிகையிடம் ஒரு சனிக்கிழமை லீவு கேட்டாள். மகளுக்கு வலைப்பந்து இறுதிப்போட்டி.

"எனக்குக் கோயிலுமில்லை, சபையுமில்லை அக்கா. பிள்ளை விளையாடுறதைப் பாக்க வேணும், அவ்வளவுதான். அதுக்கு விடுவியளோ?"

அவர் உடனே தலையாட்டினார். அன்று தொட்டியில் தனியாக நின்றார். வெட்டும் மேசையில் குனிந்து நின்ற மற்றப் பெண்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். ஒன்றுமே கேட்காதவர்கள். கேட்டால் என்ன கேட்பார்கள் என்று அவருக்குத் தெரியாது. கேட்டே விடுவோம் என்று ஈரக் கையோடு அவர்கள் பக்கம் நடந்தார்.