கண் தெளிந்திருந்த சில மாதங்கள்

சட்டைப் பொத்தானளவுதான் இருக்கும். இளநீலம். விரல் நுனியில் வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் மழைத்துளி ஒன்று தவறி வந்து உட்கார்ந்ததுபோலத் தெரியும். இரவு படுக்கும்போது அதைக் கண்ணில் வைத்துக்கொள்ள வேண்டும். உறங்குகிற நேரத்தில் அது கருவிழியின் மேற்பரப்பை மெல்ல அழுத்தித் தட்டையாக்கும். காலையில் கழற்றிவிட்டால் நாள் முழுக்கக் கண்ணாடி இல்லாமலே தூரத்தைப் பார்க்கலாம் என்று கண் டொக்டர் விளக்கினார். எனக்கு விளங்கியது ஒன்றுதான்: கண்ணுக்குள் பொத்தானைத் தைத்துக்கொண்டு படுக்கச் சொல்கிறார்கள். கதிரையை விட்டு எழுந்தேன். பின்னால் நின்ற அக்கா தோளில் கைவைத்து அமுக்கி, மறுபடியும் உட்காரவைத்தாள்.

அப்பாவின் அரசாங்க உத்தியோகத்தோடு யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கண்டிக்குப் பக்கத்து அம்பிட்டியவில் தங்கிவிட்ட குடும்பம் நாங்கள். அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்தபின் வீட்டில் அக்காவும் நானும்தான் மிச்சம். அவள் கண்டியில் கணக்கு டீச்சர். தமிழர் வீடுகளை எரித்த ஆடிக் கலவரத்தன்று, சிறுவனாக இருந்த என்னை இழுத்துக்கொண்டு பின்வேலியால் பாய்ந்து பக்கத்துச் சிங்கள வீட்டுக்கு ஓடியவள் அவள். வேலியில் அவளுடைய கண்ணாடி விழுந்துவிட்டது. குனிந்து தேட நேரமில்லை. பிறகு அகதி முகாமில் இருந்த நாட்களெல்லாம் ஆட்களைக் குரலால்தான் அறிந்தாள். யாராவது பேசாமல் கிட்ட வந்தால் என் கையை இறுக்குவாள், விரல்கள் நொந்துபோகும். அதற்குப் பிறகு அக்கா கண்ணாடியைக் கழற்றிவிட்டு உறங்கியதே இல்லை. “கனவு வடிவாத் தெரியவோ போட்டுக்கொண்டு படுக்கிறாய்?” என்று கேட்பேன். அவள் சிரிப்பதில்லை. “திரும்ப ஓட வேண்டி வந்தால்?” என்பாள்.

போர் முடியாமல் இழுத்துக்கொண்டிருந்த ஆண்டுகளில்தான் இந்த இரவு லென்ஸைப் பற்றிக் கேள்விப்பட்டாள். தனக்காகத்தான் போனாள். டொக்டர் சோதித்துவிட்டு, “டீச்சர், உங்கட பவர் நல்லாக் கூடிப்போச்சு. இது சரிவராது” என்றார். அக்கா எழுந்து என்னை அந்தக் கதிரையில் இருத்தினாள். “அப்ப இவனுக்குப் போடுங்கோ. இவனாவது ஓடட்டும்.”

முதல் வாரம் நான் பட்ட பாட்டை நினைத்தால் இன்றைக்கும் வெட்கம். குண்டுகளைப் பற்றிய செய்திகளைத் தேநீரோடு கேட்டுப் பழகியவன், ஒரு பொத்தானுக்குப் பயந்து பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்தேன். லென்ஸ் கண்ணுக்குப் பின்னால் நழுவி மூளைக்குப் போய்விடும் என்று உறுதியாக நம்பினேன். “அங்க போனாலும் ஒண்டிலயும் முட்டாது, பயப்பிடாதை” என்றாள் அக்கா. ஆனால் ஒரு காலையில் லென்ஸைக் கழற்றிவிட்டு ஜன்னலைத் திறந்தபோது எதிர்மலையில் மரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. அதுவரை எனக்கு அது ஒரே பச்சைப் பூச்சு. பழைய கண்ணாடியை அலுமாரிக்குள் போட்டுவிட்டுக் கதாநாயகனைப்போல் ஊருக்குள் திரிந்தேன்.

அடையாள அட்டையில் இருந்த நான் மட்டும் கண்ணாடி போட்டிருந்தேன். சில மாதங்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. ஒருநாள் அக்காவும் நானும் டவுனுக்குப் போகிற வழியில், சோதனைச்சாவடியில் எல்லோரையும் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். இரவெல்லாம் நின்று களைத்த முகத்தோடு ஒரு சிப்பாய். படத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். “கண்ணாடி கோ?” கண்ணாடி எங்கே என்கிறான். கண்ணாடி இரண்டு மொழிக்கும் பொது என்பதால் கேள்வி நன்றாகவே விளங்கியது. பதில்தான் வில்லங்கம். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் உண்மையைச் சொன்னேன்: இரவில் போடுவேன், பகலில் கழற்றிவிடுவேன். அவன் நெற்றி சுருங்கியது. “இரவில் எதைப் பார்க்கிறாய்?” ஒன்றையும் பார்ப்பதில்லை, உறங்குவேன் என்றேன். சொல்லச் சொல்ல, நானே என்னைச் சந்தேகிக்கத் தொடங்கினேன். அவன் அட்டையைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, வேலியோரம் நின்றிருந்த பச்சை ட்ரக்கைக் காட்டினான். அதில் ஏற்றப்பட்டவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று யாராலும் சொல்ல முடியாத காலம்.

அப்போதுதான் அக்கா வரிசையை விட்டு வந்தாள். சிப்பாய்கள் பிடித்திருந்த அத்தனை துவக்குகளுக்கு நடுவில் நின்று, தன் கண்ணாடியைக் கழற்றி என் முகத்தில் மாட்டினாள். “இப்போது பாருங்கள்” என்றாள், நல்ல சிங்களத்தில், வகுப்புக் குரலில். சிப்பாய் அட்டையை எடுத்துப் பார்த்தான். இன்னொருவனையும் கூப்பிட்டுக் காட்டினான். இருவரும் சிரித்தார்கள். “படத்தில் இருக்கிறபடி இரு. கழற்றாதே. போ.”

பஸ் போய்விட்டிருந்தது. நடந்தோம். அவளுடைய தடித்த கண்ணாடிக்குள் தெருவெல்லாம் சுருங்கித் தண்ணீருக்கடியில் கிடந்தது. “அக்கா, எனக்கு ஒண்டும் தெரியேல்லை.” “எனக்கும்தான். நேரா நட.” “கழட்டட்டே?” “வாயை மூடு. பார்த்துக்கொண்டு நிப்பாங்கள்.” ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி, இரண்டு குருடர்களாக வளைவு வரும் வரை நடந்தோம். நடுவில் நான் தெருவோரச் சாக்கடைக் கானுக்குள் ஒரு காலை விட்டேன். என் விரல்கள் நொந்தன. வளைவு தாண்டிக் கண்ணாடியை நீட்டியபோதும் அவள் என் கையை விடவில்லை. நான்தான் மாட்டிவிட்டேன்.

படத்தை மாற்றிப் புது அட்டை எடுத்திருக்கலாமே என்பீர்கள். அட்டையைக் கொடுத்துவிட்டுப் புதியது வரும்வரை துண்டுச் சீட்டோடு திரிய எனக்குத் தைரியமில்லை. பவர் இல்லாத கண்ணாடி போட்டிருக்கலாமே? யோசித்தேன். பொய்க் கண்ணாடியோடு ஒரு தமிழன் பிடிபட்டால், பிறகு இரவில் எதைப் பார்க்கிறாய் என்பதோடு கேள்வி நிற்காது. “இனி அந்த லென்ஸைப் போடாதை” என்றாள் அக்கா, அவ்வளவுதான். கண் பழையபடி ஆகும்வரை பழைய கண்ணாடியும் ஒத்துவராது என்பதால், நான் வேலைசெய்த கந்தோருக்குக் கண்நோய் என்று சொல்லி வீட்டிலேயே இருந்தேன்.

லென்ஸை நிறுத்தினால் கருவிழி தானாகவே பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடும். யாரும் அதற்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எதிர்மலையின் மரங்கள் முதலில் போயின, பிறகு வாசலில் போகிற ஆட்களின் முகங்கள். காலையில் தேத்தண்ணி கொண்டுவரும்போதெல்லாம் அக்கா கதவடியில் நின்று, “என்ர முகம் தெரியுதோ?” என்று கேட்பாள். “ஓம்” என்பேன். பிறகு, “கொஞ்சம்” என்றேன். ஒரு காலையில், “இல்லை” என்று சொன்னேன்.

அவள் அலுமாரியைத் திறந்து என் பழைய கண்ணாடியை எடுத்து, சேலைத் தலைப்பால் துடைத்து, தன் கையாலேயே மாட்டிவிட்டாள்.

“சரி. இனி நீ வெளியில போகலாம்” என்றாள்.