பதினாறு சென்டிமீட்டரில் ஒரு சத்தம்

போன மாதம் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு காது டாக்டரிடம் போயிருந்தேன். நானாகப் போனேன் என்று சொன்னால் அது பொய். பக்கத்து ஃப்ளாட் பெண்தான் அனுப்பி வைத்தாள். ஊரப்பாக்கத்தில் நான் தனியாகக் குடியிருக்கும் ஃப்ளாட்டின் சுவர் அப்படியொன்றும் மெலிது இல்லை. ஆனாலும் ஒருநாள் அவள் கதவைத் தட்டி, சிரித்துக்கொண்டே, "அக்கா, நாங்க டிவியை மியூட்லதான் வச்சிருக்கோம். படம் எங்க வீட்டுது, சத்தம் உங்க வீட்டுது" என்றாள். ஐந்து நிமிடமாகத் தட்டிக்கொண்டிருந்தாளாம். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

டாக்டருக்கு என் வயதில் பாதிகூட இருக்காது. மேசை இழுப்பறையைத் திறந்து ஓர் இசைக்கவையை எடுத்தார். உங்களுக்கு நினைவிருக்கும், பள்ளிக்கூடத்து லேபில் இரண்டு காலும் ஒரு காம்புமாக இருக்குமே, தட்டினால் "ங்ங்" என்று பாடும் எஃகுத் துண்டு, அதுதான். அதைத் தன் முழங்கையில் தட்டிவிட்டு, காம்பை என் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தார். தலைக்குள் பிசிறில்லாமல் ஒரு மணி அடித்தது. பிறகு அதையே காதுக்கு முன்னால் பிடித்து, "இப்போ கேக்குதா மேடம்?" என்றார். ஒன்றுமே கேட்கவில்லை. நான், "கேக்குதே" என்றேன். காசு கொடுத்து டாக்டரிடம் வந்து உட்கார்ந்துகொண்டு அவரிடமே பொய் சொல்லும் ஆளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். சொன்ன வாய் மூடுவதற்குள் குமுதாவின் ஞாபகம் வந்துவிட்டது.

குமுதா என்னோடு தாம்பரத்தில் பதினோராம் வகுப்பு படித்தவள். பல்லாவரத்தில் வீடு. அவளுடைய அப்பா அங்கே ஒரு தோல் கம்பெனியில் மேஸ்திரி. தினமும் மீட்டர் கேஜ் ரயிலில் வந்து போவாள். முதல் பெஞ்சில், வாத்தியார் வாய்க்கு நேராக, வலது ஓரத்தில்தான் உட்காருவாள். படிப்பில் அவ்வளவு ஆர்வமாக்கும் என்று நாங்கள் எல்லாம் நினைத்துக்கொண்டிருந்தோம். வருகைப் பதிவில் அவளுக்கு அடுத்த பெயர் என்னுடையது. அதனால் லேபில் நாங்கள் ஜோடி.

எங்கள் பிசிக்ஸ் சாரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். நல்ல மனிதர். ஆற்றலை ஆக்கவும் முடியாது அழிக்கவும் முடியாது என்று ஆரம்பித்தால், அந்த வகுப்பை முடிக்கவும் முடியாது. ஒருநாள், வெற்றிடத்தில் ஒலி பரவாது என்று காட்டுவதற்காக, ஒரு கண்ணாடி ஜாடிக்குள் மின்சார மணியைத் தொங்கவிட்டு, பம்பு வைத்துக் காற்றை உறிஞ்சினார். பம்பு எந்தக் காலத்துப் பம்போ, அது உறிஞ்சிய காற்று வேறு வழியாக உள்ளேயே போய்க்கொண்டிருந்தது. மணி பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருந்தது. சார் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "சரி, சத்தம் கேக்கலன்னு எழுதிக்கோங்க" என்றார். நாற்பது பேரும் காது நிறைய மணிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே, "ஒலி கேட்கவில்லை" என்று எழுதினோம். அன்றைக்கு வகுப்பில் பொய்யில்லாமல் எழுதியவள் குமுதா ஒருத்திதான். அது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

தெரிந்தது ஒத்ததிர்வுச் சோதனையின்போது. உயரமான ஜாடியில் தண்ணீர். அதற்குள் ஒரு பித்தளைக் குழாய். குழாயின் வாய்க்கு மேலே இசைக்கவையைத் தட்டிப் பிடித்துக்கொண்டு, குழாயை மெல்ல மேலே தூக்க வேண்டும். உள்ளே இருக்கும் காற்றின் நீளம் சரியாக அமையும் இடத்தில், அதுவரை முனகிக்கொண்டிருந்த சத்தம் திடீரென்று பெரிதாக எழும்பும். அந்த இடத்தில் நிறுத்தி அளக்க வேண்டும். எங்கள் கவைக்கு அது பதினாறு சென்டிமீட்டர் பக்கம் வரும். முதல் நாள் நான் கவையைப் பிடித்தேன், அவள் குழாயைத் தூக்கினாள். "வந்துடுச்சு, வந்துடுச்சு" என்று கத்தினாள். நான் இன்னும் கவையைத் தட்டவே இல்லை.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. சாயங்காலம் ஸ்டேஷனுக்கு நடக்கும்போதுதான் சொன்னாள். சின்ன வயதில் அம்மை போட்டபோது போனதாம். இடது காதில் ஒன்றுமே இல்லை, வலது காதில் ஏதோ கொஞ்சம். வீட்டில் அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும்.

"எங்க வூட்டு மேல ப்ளேன் எறங்குறப்போதான் எனக்கும் காது கீதுன்னு தெரியும்" என்று சிரித்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "யாராண்டயும் சொல்லிடாதடி. எங்கப்பாவுக்குத் தெரிஞ்சா ரயில்ல அனுப்பவே மாட்டாரு. படிப்பு அதோட காலி" என்றாள். நான் சத்தியம் பண்ணினேன். ஸ்டேஷன் வாசலில், மல்லிகைப்பூக் கூடைக்குப் பக்கத்தில் நின்று, கையில் அடித்து.

அதற்குப் பிறகு எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. லேபுக்குள் செருப்பு கூடாது என்பதால் எல்லாரும் வெறுங்காலோடுதான் நிற்போம். சத்தம் எழும்பும்போது மேசைக்கு அடியில் என் கால் கட்டைவிரலால் அவள் காலை அழுத்துவேன். அவள் நிறுத்துவாள். எங்கள் அளவுகள் அவ்வளவு சுத்தமாக வந்தன. சார் எங்கள் நோட்டை மற்றவர்களுக்குத் தூக்கிக் காட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் கட்டைவிரல் இல்லாமல் அவளுக்கு பிசிக்ஸே இல்லை என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அப்போது வேறு தோழி கிடையாது. ஒருத்திக்கு நான் வேண்டியிருந்தேன் என்பதே பெரிய விஷயமாக இருந்தது.

விண்வெளிப் பாடம் வந்தபோது ஒருநாள் என் நோட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதினாள்: அங்கே காற்றே இல்லையாமே, அப்படியானால் அங்கே நீயும் நானும் ஒன்றுதான். நான் அதற்குக் கீழே, மேலே போக ரயில் இல்லை, பல்லாவரத்திலேயே இறங்கிக்கொள் என்று எழுதினேன். அதைப் படித்துவிட்டு அவள் சத்தமாகச் சிரித்துவிட, எங்கள் இரண்டு பேரையும் சார் வெளியே நிற்கவைத்தார்.

வருடக் கடைசிச் செய்முறைத் தேர்வை எங்கள் பள்ளியில் பொதுத்தேர்வு மாதிரியே நடத்துவார்கள். வேறு பள்ளியிலிருந்து ஓர் ஆசிரியர் வருவார். தட்டில் மடித்துப் போட்ட சீட்டுகளில் ஒன்றை எடுக்க வேண்டும். எந்தச் சோதனை வருகிறதோ அதைத் தனியாகச் செய்ய வேண்டும். எனக்கு ஊசல் வந்தது. குமுதா சீட்டைப் பிரித்து என் பக்கம் திருப்பிக் காட்டினாள். ஒத்ததிர்வு. காட்டிவிட்டு லேசாகச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை நான் பயம் என்று எடுத்துக்கொண்டேன். ஊசலை ஆட்டிவிட்டு இருபதுவரை எண்ண வேண்டும். ஏழுக்கு மேல் எனக்கு எண்ண வரவில்லை. கோடியில் அவள் மேசை. ஒரு கையில் கவை, இன்னொரு கையில் குழாய். தலையைக் குனிந்துகொண்டு என்ன செய்கிறாள் என்று தெரியவில்லை. பாவம், தவிக்கிறாள் என்று நினைத்தேன். பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு நேராகச் சாரிடம் போய், "சார், குமுதாவுக்குக் காது கேக்காது சார். வேற எக்ஸ்பெரிமென்ட் குடுங்க சார், ப்ளீஸ்" என்று சொல்லிவிட்டேன்.

சார் திகைத்துப்போய் வெளி ஆசிரியரிடம் போய்ச் சொன்னார். அந்த ஆசிரியர் கெட்டவர் இல்லை. ஆனால் காது கேட்காது என்று தெரிந்ததும் எல்லாரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். அவள் முகத்துக்கு நேராகக் குனிந்து, லேப் முழுவதும் அதிர, "காது கேக்காதாம்மா உனக்கு?" என்று கத்தினார். இருபது ஊசலும் ஸ்கேலும் அப்படியே நின்றன. குமுதா அவரைப் பார்க்கவில்லை. நேராக என்னைப் பார்த்தாள்.

அவளுக்குக் கம்பியின் தடிமன் அளக்கும் ஸ்க்ரூ கேஜ் கொடுத்தார்கள். முழு மதிப்பெண்ணும் கொடுத்தார்கள், இரக்கப்பட்டு. அவள் விட்டுப்போன மேசையைக் கடந்துபோகும்போது அவளுடைய தாளைப் பார்த்தேன். முதல் ஒத்ததிர்வு என்ற கட்டத்தில் பதினாறு புள்ளி பூஜ்யம் என்று எழுதியிருந்தது. அதன் கீழே, சரிபார்த்த அளவு, பதினாறு புள்ளி ஒன்று.

பள்ளிக்கூட கேட் அருகே அவளைப் பிடித்தேன். எப்படிடி என்று கேட்டேன்.

"வெரல்ல" என்றாள். "கொழா மேல நக நுனிய வச்சுக்கினு இருந்தா, சத்தம் வர்றப்போ லேசா கூசும். ஒரு மாசமா சாயங்காலத்துல லேப் அட்டெண்டராண்ட கெஞ்சி, லேபுல தனியா நின்னு பழகினேன். உங்காலு இல்லாமலே செஞ்சுட்டு, அப்புறம் உன்னாண்ட சொல்லலாம்னு இருந்தேன்." பிறகு, "நீ ஏன்டி சொன்ன?" என்றாள்.

உனக்கு உதவி செய்யத்தான் என்றேன். அது உண்மைதான், ஆனால் முழு உண்மை இல்லை. நான் இல்லாமல் அவளால் முடியும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றாமல் போனது அவள் காதின் குறை இல்லை. பிறகு ஒருநாள் யாரும் இல்லாதபோது நானும் அந்தக் குழாயில் நகத்தை வைத்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.

பள்ளியிலிருந்து அவளுடைய அப்பாவுக்குக் கடிதம் போனது. அவர்கள் நல்லதுக்குத்தான் எழுதியிருப்பார்கள். ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது வருகைப் பதிவில் எனக்கு முன்னால் வேறு பெயர் இருந்தது. தையல் வகுப்பில் சேர்த்துவிட்டதாகப் பல்லாவரத்துப் பெண் ஒருத்தி சொன்னாள். "அவங்கப்பா வூட்டாண்டயே இருன்னுட்டாராம். ரயிலு கியிலு எல்லாம் வேணான்னுட்டாராம்" என்றாள். தாம்பரத்திலிருந்து பல்லாவரம் மூன்றாவது ஸ்டேஷன். அந்த வருடம் முழுவதும் நான் அங்கே இறங்கவில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் கதிரியக்கம் நடத்தினார்கள். பாதியாகும், பாதியில் பாதியாகும், ஆனாலும் முழுதாகத் தீராது என்று சார் சொன்னபோது, நான் மட்டும் அதைப் பாடமாகக் கேட்கவில்லை.

இப்போது மீட்டர் கேஜ் ரயில் இல்லை. எங்கள் லேப் இருந்த கட்டடமும் இல்லை. அந்தப் பள்ளியில் படிக்கும் பக்கத்து ஃப்ளாட் பெண்ணின் மகள் ஒத்ததிர்வைத் திரையில் வீடியோவாகப் பார்த்துவிட்டு, பதினாறு சென்டிமீட்டர் என்று எழுதிக்கொண்டு வருகிறாள். செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் யாரும் நிற்பதில்லை. என் ஆபீசில் யாருக்கும் என் காதைப் பற்றி நான் சொல்லவில்லை. எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறேன். போன வாரம் ஒருவர் மாமியாரை ஐசியுவில் சேர்த்திருக்கிறோம் என்றாராம். நான் ரொம்ப சந்தோஷம் என்று சொன்னேனாம். அவர் இன்னும் என்னோடு பேசவில்லை.

குமுதாவை அதற்குப் பிறகு ஒரே ஒருமுறை பார்த்தேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய சாமான் பரப்பியிருந்த வரிசையில், ஒரு தையல் மெஷினின் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு முதுகுப்பக்கம். பத்தடிகூட இருக்காது. "குமுதா" என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. இன்னொரு தரம் கூப்பிட்டேன். கடைக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். அவள் சக்கரத்தை வைத்துவிட்டு, கூட்டத்தோடு மெல்ல நடந்து போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "ரெண்டு தரம் கூப்பிட்டேம்மா, திரும்பியே பாக்கல" என்று சொன்னேன். ரொம்ப வருடம் எனக்கு நானே அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவளுக்குக் கேட்காது என்று அந்தச் சந்தையில் தெரிந்திருந்தவள் நான் ஒருத்திதான். நாலு எட்டு வைத்து அவள் முகத்துக்கு எதிரே போய் நின்றிருக்கலாம். நான் பின்னாலேயே நின்று கூப்பிட்டேன்.