நூற்றைம்பது கே.பி.க்குள்

செந்தாமரை தஞ்சாவூரில் ஒரு விளம்பர அலுவலகத்தில் மூன்று வருடம் வேலை பார்த்தாள். மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமம். அம்மா அம்சம் நடவுக்குப் போய்ப் படிக்கவைத்த பெண்.

செய்தித் தளங்களின் ஓரத்தில் அசையும் விளம்பரங்கள்தான் அவள் வேலை. படம், எழுத்து, அசைவு எல்லாம் சேர்த்து ஃபைலின் அளவு நூற்றைம்பது கே.பி.யைத் (கிலோபைட்) தாண்டக் கூடாது; தாண்டினால் தளம் வாங்காது. கைபேசியில் எடுக்கும் ஒரு போட்டோவே அதைப்போல இருபது மடங்கு இருக்கும். நடவு இயந்திரக் கம்பெனி ஒன்றுக்காக அவள் வயலை ஒரே ஒரு படமாக வைத்து, இயந்திரத்தை மட்டும் தனியே வெட்டி அதன்மேல் நகரவிட்டாள். வானத்தில் இருந்த பொடிப்பொடிப் புள்ளிகளை மழுக்கினாள்; கண்ணுக்குத் தெரியாத அவைதான் இடத்தைத் தின்னும். நாற்றின் பச்சையில் மட்டும் கைவைக்கவில்லை. நூற்று நாற்பத்தாறில் வந்து நின்றது.

குறுவை நடவுக்கு முன்னால் விளம்பரம் வரவேண்டிய நாளில், அளவு தாண்டிவிட்டது என்று தளம் அதைத் திருப்பி அனுப்பிவிட்டது. குழுத் தலைவர் துரைராசு அவளிடம் சொல்லாமலே வயல் படத்தை எடுத்துவிட்டு, தனக்குப் பிடித்த பெரிய போட்டோவை வைத்திருந்தார். இயந்திரக் கம்பெனியின் அதிகாரி வானதி உட்கார்ந்திருந்த கூட்டத்தில் துரைராசு நிதானமாகச் சொன்னார்:

"செந்தாமரைதாங்க கடைசியா பாத்தது. சுருக்குற வேலைதான். அதுலயே கவனம் இல்ல."

"நான் அனுப்புன ஃபைல் வேற சார்."

"இப்ப அதப் பேசி என்ன ஆவப்போவுது?"

அந்த வாரமே அவளை வேலையை விட்டு நிறுத்தினார்கள். கிளம்புமுன், தான் துரைராசுவுக்கு அனுப்பியிருந்த மின்னஞ்சலை ஃபைலோடு தன் சொந்த முகவரிக்கு அனுப்பிக்கொண்டாள். எப்போது உதவும் என்று தெரியாது. ஆனால் தினமும் ஒருமுறையாவது அவர் முகம் அவளுக்கு நினைவு வந்தது.

எட்டு மாதம் கழித்து ஒரு செய்தித் தளத்தில் வேலை கிடைத்தது. வரும் விளம்பரங்களைச் சோதித்து ஏற்பது, இல்லையேல் திருப்புவது. மன்னார்குடியில் அறை எடுத்து அங்கிருந்தே பார்த்தாள். திருப்பும்போது எங்கே குறைக்கலாம் என்று இரண்டு வரி எழுதுவாள். அது அவளாகப் பழகிக்கொண்டது.

அடுத்த குறுவைக்கு அதே கம்பெனியின் விளம்பரம் வந்தது. அனுப்பியவர் துரைராசு. இருநூற்றுப் பன்னிரண்டு கே.பி. திறந்ததுமே கோளாறு தெரிந்தது: அசைவின் ஒவ்வொரு கட்டத்திலும் வயலை முழுசாகத் திரும்பத் திரும்ப வைத்திருந்தார். அவள் எழுதியது ஒரே வரி: "அளவு அதிகம். ஏற்க இயலாது."

மூன்று முறை திருப்பினாள். மூன்றாவது முறை அவரே போன் செய்தார்.

"மேடம், எங்க குறைக்கணும்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

"செந்தாமரை பேசுறேன் சார்."

"அன்னைக்கு நடந்தத மனசுல வச்சுக்காதீங்க" என்றார்.

"வச்சிருக்கேன் சார். சுருக்குற வேலைதானே, நீங்களே பாத்துருவீங்க."

நான்காவதாக வந்த ஃபைல் நூற்று நாற்பத்தெட்டு. எல்லாவற்றையும் ஒரே அழுத்தாக அழுத்தியிருந்தார். நாற்று கட்டங்கட்டமாக, பாசி படர்ந்த குட்டை மாதிரி இருந்தது. இயந்திரம் எது, சேறு எது என்று தெரியவில்லை. ஆனால் அளவு சரி, விதிப்படி குற்றமில்லை. அவள் அதை அப்படியே ஏற்றாள்.

மறுநாள் காலை வானதி தளத்துக்குப் போன் செய்தார். "எங்க விளம்பரம் ஏங்க இப்படி இருக்கு?"

செந்தாமரை நடந்ததைச் சொல்லி, போன வருட மின்னஞ்சலைத் தேதியோடு அனுப்பினாள். வானதி அதிலிருந்த பழைய ஃபைலையும் இப்போது வந்த விளம்பரத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தார். பத்து நாளில் துரைராசு குழுத் தலைவராக இல்லை. கம்பெனியும் அந்த அலுவலகத்தை விட்டுப் போய்விட்டது.

அவளுடைய மேலாளர் சித்தீக் கேட்டார்: "எல்லாருக்கும் யோசனை எழுதுறீங்க. இவருக்கு ஏன் எழுதல?"

"வேணும்னுதான் சார் எழுதல."

அவர் யோசித்தார். "யோசனை சொல்றது உங்க வேலையில இல்லதான். ஆனா எழுதுனா எல்லாருக்கும் எழுதுங்க, இல்லேன்னா யாருக்கும் வேணாம்."

"சரிங்க சார்" என்றாள். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனாலும் செய்ததற்கு வருத்தம் வரவில்லை.

கடைசியாக ஒருமுறை துரைராசு கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டார். முழுவதையும் கேட்டுவிட்டு, "கேட்டுக்கிட்டேன் சார்" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தாள். அன்று மத்தியானம் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, ஒரு குட்டித் தூக்கமும் போட்டாள்.