கருப்பட்டிப் பாய்க்குள் ஒரு மாருதி

ஹெப்ரானுக்கு ஞானஸ்நானம் கொடுத்த பாதிரி ஐயர் தண்ணீரைத் தொட்டு நெற்றியில் வைப்பதற்குள், பிள்ளை கையை நீட்டித் தொட்டிக்குள் விட்டு அளைந்துவிட்டதாகவும், முன்பெஞ்சு மொத்தமும் நனைந்து இரண்டாம் முறை ஞானஸ்நானம் பெற்றதாகவும் பாளையங்கோட்டை சமாதானபுரத்தில் ஒரு பேச்சு உண்டு. பாதியை நம்பினால் போதும். ஐம்பது வயது தாண்டியும் அந்தக் கை அடங்கவில்லை என்பதை மட்டும் முழுதாக நம்பலாம்.

பள்ளிக்கூடமொன்றில் ஆய்வக உதவியாளர் வேலை. குடுவை கழுவவும் அமிலம் அளக்கவும் கைக்கு வேலை இருந்ததால் அங்கே நல்ல பெயர். வீட்டில்தான் வம்பு. மொட்டை மாடியில் அவன் கட்டிய கோழிக்கூண்டுக்கு மூன்று பக்கம்தான் சுவர். முன்னறை ஜன்னலில் ஒரு கதவு பச்சை, மறு கதவு பழைய நீலம். பழுது பார்க்கப் பிரித்த ஆர்மோனியம் மூன்று சுரத்தோடு பீரோ மேல் கிடக்கிறது. அந்த மூன்று சுரத்துக்குள் அடங்குகிற பாட்டு ஏதும் இருக்கிறதா என்று அவன் மனைவி ஸ்வீட்லின் வருகிறவர்களிடமெல்லாம் கேட்பாள். கோயிலில் பிரசங்கம் நீண்டால் ஹெப்ரான் பைய எழுந்து வெளியே போய், கிடக்கிற செருப்புகளையெல்லாம் ஜோடி சேர்த்து வைத்துவிட்டு வருவான்.

இப்படிப்பட்டவன், மகள் ரீபாவின் நிச்சயதார்த்தத்தில், மாப்பிள்ளை ஷிபின் வீட்டார் கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கையில் ஒரு வார்த்தை விட்டுவிட்டான்.

“ரீபா கோயிலுக்கு நம்ம கார்லதான் போவா. வீட்டுலயே வச்சு நானே பெயிண்ட் அடிக்கப் போறேன்.”

கார் என்பது ஒரு மாருதி எண்ணூறு. பிறக்கும்போது சிவப்பாக இருந்து, வெயில் குடித்துக் குடித்துப் பல்பொடி நிறத்துக்கு வந்திருந்தது. ரீபா தந்த வெள்ளை வேண்டுமென்றாள். அதோடு நின்றிருக்கலாம். “யப்பா அடிச்ச கார்னா போறேன், இல்லன்னா நடந்தே போறேன்” என்று எல்லார் முன்னாலும் சொல்லிவைத்தாள். அன்றிலிருந்து ஹெப்ரானுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அவன் வாழ்க்கையில் ஒரே ஒரு வேலையாவது முடிந்தாக வேண்டும். அது இந்த வேலையாக இருக்க வேண்டும்.

கல்யாணம் ஆனி மாதத்தில். ஆனிக் காற்றைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். செங்கோட்டைக் கணவாயில் புறப்பட்டு, அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி வயல்களையெல்லாம் தலை சீவிவிட்டு, சமாதானபுரம் வந்து சேரும்போது அது வெறுங்கையோடு வராது. விருந்தாளி பலகாரம் கொண்டுவருகிற மாதிரி ஒரு மூட்டை மண் கொண்டுவரும். ஈரப் பெயிண்டின் மேல் அந்த மண் உட்கார்ந்தால் கார் தேங்காய்த் துருவல் மாதிரி ஆகிவிடும். ஆகவே காருக்கு ஓர் அறை வேண்டும். கிணற்றுக்கும் வேப்பமரத்துக்கும் நடுவே பிளாஸ்டிக் குழாய்களை நட்டு, மேலும் பக்கமும் பாலிதீன் போர்த்தி, கம்பி வைத்துக் கட்டினார்கள். ‘கட்டினார்கள்’ என்றால் ஹெப்ரானும் முகம்மது மைதீனும். மைதீன் மேலப்பாளையத்தில் பஞ்சர்க் கடை வைத்திருப்பவன், பள்ளிக்கூடத்திலிருந்தே சேக்காளி. கம்ப்ரசர் அவனுடையது. பெயிண்ட் அடிப்பதில் ஹெப்ரானுக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் அவனுக்கும் தெரியும்.

கட்டி முடித்த மத்தியானமே அறை பறந்துவிட்டது. ஹெப்ரான் ஒரு குழாயைப் பிடித்துக்கொண்டே மதில் வரை போனான். அதற்கு மேலும் போனதாகச் சொல்கிறவர்கள் உண்டு. மதிலுக்கு அந்தப் பக்கம் அவன் செருப்பு ஒன்று கிடந்தது என்னவோ நிஜம். சற்று நேரத்தில் பக்கத்து மாடியிலிருந்து, வங்கியில் வேலைபார்த்து ஓய்வு பெற்ற ஸ்வாமிநாதன் எட்டிப் பார்த்தார்.

“ஹெப்ரான் சார், உங்க அறை எங்காத்து வடாம் மேல உக்காந்திருக்கு. எடுத்துண்டு போறேளா, இல்ல வாடகை பேசிடலாமா?”

பாலிதீனைச் சுருட்டி எடுத்துக்கொண்டு அடுக்களைப் பக்கமாக வருகையில்தான் ஸ்வீட்லினின் குரல் கேட்டது. உடன்குடியில் கருப்பட்டி வியாபாரம் செய்யும் தம்பி ஜெபசீலனோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

“எதுக்கும் ஒன் வண்டிய கழுவி வச்சுக்கோடே. கல்யாணத்தன்னைக்கு வேண்டியிருக்கும். அத்தான்ட்ட சொல்லிறாத. மனசு நொந்துருவாவ.”

ஜெபசீலனுடைய வண்டி கப்பல் மாதிரி கறுப்பாக இருக்கும். ஹெப்ரான் சத்தம் காட்டாமல் திரும்பிப் போய்ச் சுருட்டிய பாலிதீனை விரித்தான், மறுபடி சுருட்டினான், மறுபடி விரித்தான்.

காற்றைத் தாங்க வேண்டுமென்றால் கனமான சுவர் வேண்டும். கனமாக, வளைந்துகொடுக்கிறதாக, சும்மா கிடைக்கிறதாக எது உண்டு என்று யோசித்தால், யார் முகத்தில் விழிக்கக்கூடாதென்று இருந்தானோ அவனிடம்தான் இருந்தது. ஜெபசீலனின் சரக்குக் கிட்டங்கியில் கருப்பட்டியை அடுக்கிவைக்கிற பனையோலைப் பாய்கள், பழசாகிப்போனவை, குவிந்து கிடந்தன. மானத்தை மடக்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போன் போட்டான்.

“பாயா அத்தான்? லாரியில ஏத்தி விடுதேன். பெயிண்ட் அடிக்கவா?”

“ஆமா.”

“அப்பம் என் வண்டிக்கு வேலை இருக்காதோ?”

“ஒன் வண்டிக்கு என்ன வேலைலே?”

“ஒண்ணுமில்ல அத்தான், சும்மா ஒரு பேச்சுக்கு” என்று ஜெபசீலன் அவசரமாகப் போனை வைத்தான்.

முதல் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கல்யாண ஓலை வாசித்தார்கள். இன்னாரின் மகள் ரீபாவுக்கும் இன்னாரின் மகன் ஷிபினுக்கும் விவாகம், தடை சொல்ல வேண்டியவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு சபையறிய வாசிப்பது வழக்கம். ஐயர் ‘தடை’ என்றதும் ஹெப்ரானுக்குக் காற்று ஞாபகம் வந்தது. எழுந்து செருப்படுக்கப் போய்விட்டான்.

இரண்டாம் ஓலைக்குள் புதிய அறை நின்றது. வெளியே பாய், உள்ளே பாலிதீன். மேற்கே ஒரு ஜன்னல் வெட்டிப் பழைய கொசுவலையை நாலு மடிப்பாகத் தைத்து, கிழக்கே ஒரு திறப்பு விட்டார்கள். காற்று மேற்கே நுழைந்து, மண்ணை வலையில் கழற்றிவைத்துவிட்டு, தின்னர் ஆவியைத் தூக்கிக்கொண்டு கிழக்கே போய்விடும். எந்தக் காற்று எதிரியோ அதையே வேலைக்கு வைத்தாயிற்று. மிஞ்சிய தூசியும் எழும்பாமலிருக்க, தரையையும் பாய்களையும் தண்ணீர் தெளித்து நனைத்துக்கொள்ளலாம் என்றது ஹெப்ரானின் சொந்த மூளை. தெளிக்கவில்லை, குடம் குடமாக ஊற்றினான்.

சனிக்கிழமை விடிந்ததும், காற்று எழுந்திருப்பதற்கு முன், மைதீன் கம்ப்ரசரைப் போட்டான். ஹெப்ரான் வாயைத் துண்டால் கட்டிக்கொண்டு உள்ளே போனான். பெயிண்ட் பாலாடை மாதிரி படிந்தது. தன் கையிலிருந்து இப்படியொன்று வருமா என்று அவனுக்கே சந்தேகம். வெளியே வந்து வேப்பமரத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தான். காப்பி ஆறிப்போயிற்று.

மத்தியானம் ரீபா எட்டிப் பார்த்தாள்.

“யப்பா, பானெட்டு மேல யாரு மிளகுப்பொடி தூவுனது?”

ஹெப்ரான் குனிந்து பார்த்தான். மிளகு நடந்தது.

பாய்களின் இண்டு இடுக்கிலெல்லாம் வருஷக்கணக்காய் ஊறியிருந்த கருப்பட்டி, அவன் ஊற்றிய தண்ணீரில் கரைந்து பாகாக வழிந்திருந்தது. சமாதானபுரத்து எறும்புகள் மட்டுமா வந்தன? குலவணிகர்புரத்துக்கும் தகவல் போய், ரயில்வே கேட் திறக்கக் காத்திருந்து வந்ததாகச் சொல்வார்கள். பாய் வழியே ஏறி, பாலிதீன் வழியே இறங்கி, பானெட்டின் குறுக்கே வரிசை போட்டுப் போனவை ஈரத்தில் கால் மாட்டி அங்கங்கே நின்றுவிட்டிருந்தன. மைதீன் ஒரு பாயைத் தடவி விரலை நக்கிப் பார்த்தான்.

“என்ன வே, நல்ல தரமான கருப்பட்டி. காரை முக்கிக் காப்பி போடலாம்.”

ஹெப்ரான் சிரிக்கவில்லை. பாய்களை அவிழ்த்துப் பாளையங்கால்வாய்க்குக் கொண்டுபோய்த் துவைத்தான். அன்று கீழ்ப்படித்துறையில் குளித்தவர்கள் இரண்டு நாள் ஒருவரோடொருவர் இனிப்பாகப் பேசிக்கொண்டார்கள் என்பதற்கு நான்கைந்து பேர் சாட்சி. உப்புத்தாள் போட்டுக் காரைத் தேய்த்து, அறையைத் திருப்பிக் கட்டி, இரண்டாம் முறை அடித்தான். எறும்பு வரவில்லை. ஆனால் ஹெப்ரான் வந்தான்.

காய்ந்துவிட்டதா என்று பார்க்க, பாயை விலக்கி உள்ளே போய், கதவோரத்தில் கட்டைவிரலை வைத்தான். காயவில்லை. ரேகை பதிந்தது. அதைத் தேய்த்துச் சரிசெய்துவிட்டு, சற்றுப் பொறுத்து இன்னோர் இடத்தில் வைத்தான். மூன்றாம் ஓலையும் வாசித்தாயிற்று. வியாழக்கிழமை கல்யாணம். திங்கட்கிழமை அவன் மூன்றாம் முறை அடித்து முடித்தபோது டப்பாவில் மிச்சமிருந்தது வழித்தெடுத்தால் ஒரு தேக்கரண்டி வரும்.

அடித்துவிட்டு வெளியே வந்தவன் துண்டை அவிழ்ப்பதற்குள், ஸ்வீட்லின் கோணி ஊசியும் சணல் நூலுமாக வந்து நின்றாள். வாசல் பாயின் இரண்டு ஓரத்தையும் இழுத்துச் சேர்த்து, சாக்கு மூட்டை தைப்பதுபோல் மேலிருந்து கீழே தைக்க ஆரம்பித்தாள்.

“என்ன செய்யுதே?”

“காத்தத் தடுத்திய, மண்ணத் தடுத்திய, எறும்பத் தடுத்திய. ஒங்களத் தடுக்க ஆளில்லயே.”

“காய்ஞ்சிட்டான்னு பாக்கணும்லா?”

“காயும். நீங்க பாத்தா காயாது.”

கடைசித் தையலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, ஊசியை முந்தானையில் குத்திக்கொண்டு, வாசலுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். அரிசி பார்க்க முறத்தையும் கொண்டுவந்திருந்தாள்.

ஹெப்ரான் அறையைச் சுற்றிவந்தான். காற்று பாயை அடிக்கிற ஓசை ஒவ்வொன்றும் கார் மேலேயே அடிப்பதுபோல் இருந்தது. கூரையில் ஒரு வேப்பம்பழம் விழுந்தது. ஓட்டை போட்டிருக்குமோ என்று ஏணி தேடினான். ஏணியை ஸ்வீட்லின் முன்பே ஸ்வாமிநாதன் வீட்டுக்கு அனுப்பியிருந்தாள். செவ்வாயன்று, கவனம் திரும்பட்டுமென்று சேரன்மகாதேவிக்குப் பஸ் ஏறி, ஆற்றைப் பார்த்துவிட்டு, கால்கூட நனைக்காமல் அடுத்த பஸ்ஸிலேயே திரும்பினான். வந்ததும் நேரே கொல்லைக்கு வந்தான். அவள் அதே நாற்காலியில் இருந்தாள்.

“ஒரு தையல் மட்டும் பிரி. ஒரு கண்ணு வச்சுப் பாக்கேன்.”

“கண்ணு போனா பின்னாலயே கையும் போவும்.” முறத்தைக் கீழே வைத்தாள். “ஜெபசீலன்ட்ட நான் வண்டி கேட்டது ஒங்களுக்குத் தெரியும் என்ன?”

அவன் கிணற்றைப் பார்த்தபடி, “தெரியும்” என்றான்.

“நேத்தைக்கு வேண்டாம்னு சொல்லிட்டேன். அதுக்குப் பெறவுதான் தைக்க வந்தேன்.”

அதைக் கேட்டு அவனுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை, மிச்சமிருந்ததும் போயிற்று. கப்பல் மாதிரி அந்தக் கறுப்பு வண்டி பின்னால் நிற்கிறது என்று தெரிந்தவரை, கோபப்பட்டுக்கொண்டாவது இருக்க முடிந்தது. இப்போது பாய்க்குள் இருக்கிறதுதான் இருக்கிறது. அவன் இரண்டு கைகளையும் அக்குளுக்குள் வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் அவளே முறத்தை அவன் மடியில் வைத்தாள். அந்த அரிசியில் அன்று கல் மட்டுமல்ல, குருணையும் தப்பவில்லை.

வியாழக்கிழமை காலையில், கல்யாணப் புடவையோடு ரீபாவே கத்தரியை வாங்கித் தையலைப் பிரித்தாள். பாய் விலகியதும் உள்ளே தந்த வெள்ளையாக நின்றது மாருதி. மைதீன் குனிந்து அதில் தலை சீவிக்கொண்டான். ஸ்வாமிநாதன் மாடியிலிருந்து கையைத் தட்டினார். ரீபா ஒரு சுற்றுச் சுற்றிவந்து, பின்கதவுக் கைப்பிடிக்குக் கீழே விரலை வைத்தாள். பெயிண்டுக்கு அடியில், ஆறு காலும் அப்படியே தெரிய, ஒற்றை எறும்பு.

ஹெப்ரானின் கை தன்னால் உப்புத்தாளைத் தேடிக் கோட்டுப்பைக்குப் போயிற்று. அங்கே உப்புத்தாள் இருந்தது.

“யப்பா, தொடக்கூடாது” என்றாள் ரீபா. “அதுவும் கல்யாணத்துக்கு வரட்டும்.”

அவன் கையை வெளியே எடுத்து, கார்ச் சாவியை வாங்கிக்கொண்டான். கோயில் வரைக்கும் ஸ்டியரிங்கை விட்டு அந்தக் கை அசையவில்லை. பின்னால் கறுப்பு வண்டியில் சொந்தக்காரர்களை ஏற்றிக்கொண்டு வந்த ஜெபசீலன், மாருதி கிளப்பிய மண்ணையெல்லாம் வாங்கிக்கொண்டு, கோயில் வாசலில் இறங்கும்போது பழுப்பு வண்டிக்காரனாக இறங்கினான்.

கல்யாணம் முடிந்து மறுவாரம் ஹெப்ரான் அறையைப் பிரிக்கத் தொடங்கினான். மூன்று பக்கத்துப் பாய்களை அவிழ்த்துச் சுருட்டியும் வைத்துவிட்டான். மேற்குப் பக்கம் மட்டும், கொசுவலை ஜன்னலோடு, இன்றைக்கும் கிணற்றோரம் நிற்கிறது. ஸ்வீட்லின் அதன் மறைவில் வற்றல் காயப்போடுகிறாள்.

“இத எப்பம் பிரிக்கப் போறிய?”

“பைய” என்பான் ஹெப்ரான், பீரோ மேலிருந்து ஆர்மோனியத்தை இறக்கிக்கொண்டே.