படிக்கிணற்றில் இறங்கிய நாள்

எங்கள் வீட்டுக் கதவில் காவிக்கோடு போடாமல் போன சானிடரி இன்ஸ்பெக்டர் மேல் எனக்கு ஆத்திரமான ஆத்திரம். அப்போது எனக்கு ஏழு வயது. சுதந்திரம் வந்து சில வருஷம் ஆகியிருந்தது. ராயக்கோட்டைப் பக்கம் இருந்த எங்கள் ஊருக்கு ஜீப்பில் வந்திறங்கியவர், வீடு வீடாகப் போய் இரண்டே கேள்விதான் கேட்டார். எந்தக் கிணற்றுத் தண்ணீர் குடிக்கிறீர்கள்? வீட்டில் யாருக்காவது நரம்புச் சிலந்தி உண்டா? காலில் கொப்புளம் வெடித்து, நூல் மாதிரி புழு வெளியே வரும் நோய் அது. உண்டு என்றால் ஆளுக்கொரு கோடு. ஊருக்குள் ஒரு கதவு தப்பவில்லை. எங்கள் சேரியில் ஒரு கோடுகூடக் கிடையாது. எங்களுக்கும் ஒன்று போடுங்கள் என்று அவர் பின்னாலேயே போய் நச்சரித்தேன்.

சாயங்காலம் எல்லாரையும் கூட்டிவைத்துச் சொன்னார். கோளாறு ஊர்ப் படிக்கிணற்றில்தான். புண்காலோடு இறங்கித் தண்ணீரில் நின்று மொள்வதால், அதைக் குடிக்கிறவர்களுக்கும் நோய் வருகிறது. சேரியின் சேந்துகிணற்றில் கயிறும் குடமும்தான் இறங்குகின்றன, அதனால் அது சுத்தம். அந்தப் படியில் கால் வைக்கக்கூடாது என்று எங்களை விரட்டியதே எங்களைக் காப்பாற்றியிருக்கிறது! ஊரார் வெலவெலத்துப் போனார்கள். நான் துள்ளிக் குதித்தேன். அம்மா பேயறைந்தவள் மாதிரி நின்றாள். வீட்டுக்கு வந்ததும் இருந்த பாத்திரம் எல்லாவற்றிலும், சோற்றுப்பானை வரைக்கும், தண்ணீர் சேந்தி நிரப்பினாள்.

மறுநாள் விடிந்தபோது எங்கள் கிணற்றைச் சுற்றி ஊராரின் பித்தளைக் குடங்கள். எங்கள் கயிற்றை அறுத்துப் போட்டுவிட்டுப் புதுக்கயிறு கட்டியிருந்தார்கள். அப்பாவும் சித்தப்பாவும் பாறை உடைத்து வெட்டிய கிணறு அது. அப்பாவிடம் ஊர்ப் பெரியவர் தாராள மனசோடு சொன்னார்:

"இனிமே நீங்க படிக்கெணத்துல எறங்கிக்கலாம்டா. நாங்க ஒண்ணும் சொல்லமாட்டோம்."

கேட்டதுதான் தாமதம், ஓடினேன். எத்தனை நாள் ஆசை! கருங்கல் படிகளில் குதித்துக் குதித்து இறங்கி, முழங்கால் தண்ணீரில் நின்றேன். ஜில்லென்றிருந்தது. மேலே அம்மா தலையில் அடித்துக்கொண்டு கத்தினாள்.

"ஏ புள்ள, குடிச்சிடாதடி! மேல வாடி!"

இரண்டு கையாலும் அள்ளி வயிறு முட்டக் குடித்தேன். இவ்வளவு பெரிய கிணறு நமக்குக் கிடைத்திருக்கும்போது அம்மா ஏன் இப்படி அழுகிறாள் என்றுதான் எனக்கு விளங்கவில்லை.